ஹெரால்டுக்கு ஒரு முட்டு

ஏந்தல் என்றும் தாங்கல் என்றும் முடியும் ஊர்ப்பெயர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். இரண்டுமே சிறு நீர்நிலைகளைக் குறிக்கும் சொற்கள். ஏந்துதல், தாங்குதல் என்ற வினைகளிலிருந்து குளத்துக்குப் பெயர் வைத்தவன் நீரை ஒரு சுமையாகக் கண்டிருக்கிறான் என்று எனக்குத் தோன்றும். இளையரசனேந்தல் என்னும் எங்கள் ஊர்ப்பெயரின் பின்பாதியை அரசன் என்று பொருள்கொள்வோரும் உண்டு. ஜமீன் ஊர் என்பதால் அந்தப் பொருளும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. எனினும் மழையை நம்பி வாழ்ந்த கரிசல் ஊருக்கு நீரை ஏந்தும் பள்ளமே முதலில் பெயர் தந்திருக்கும் என்று நம்பவே விரும்புகிறேன். ஒரு பழைய காரின் அடிச்சட்டத்துக்கு முட்டுக் கொடுத்த கதையைச் சொல்ல வந்தவன் ஊர்ப்பெயரில் தொடங்குவது நண்பர்களுக்கு விநோதமாகப் படலாம். ஆனால் அந்த நான்கு மாதங்களும் நான் யோசித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு கேள்வியைத்தான்: எதை எது தாங்குகிறது?

கார் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நான்கு கதவு. அப்பா 1973இல் மதுரையில் ஒரு மருத்துவரிடமிருந்து வாங்கியது. இந்த வண்டியின் பூர்வீகம் இங்கிலாந்து. அங்கே 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. வடிவமைத்தவர் ஜியோவன்னி மிக்கெலொட்டி என்ற இத்தாலியர். அந்தக் காலத்தில் சிறிய கார்களெல்லாம் அடிச்சட்டமும் உடலும் ஒன்றான ஒற்றைக் கூடாக மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் பழைய முறைக்கே திரும்பியது. அதற்கு அழகியல் காரணம் ஏதும் இல்லை. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடல்கூடு செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற தொழிற்சாலையை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக்கூட்டை ஒரே இடத்தில் அடித்துத் தர ஆள் இல்லை. ஆகவே தனியாக ஒரு இரும்புச் சட்டம் செய்து, பல இடங்களில் துண்டு துண்டாக அடித்த உடலை அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். இப்படிப் பிரித்து அடுக்கக்கூடிய வண்டியைக் கப்பலில் அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவது எளிது. 1961இலிருந்து சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா இதைத் தயாரித்தது. நான்கு கதவு வடிவம் 1960களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கென்றே பிறந்தது. அதன் வாரிசான கெஸல் 1977 வரை ஓடியது. எஞ்சின் கடைசி வரை அதே 948 சி.சி.தான்.

அம்பாசடரையும் பியட்டையும் போல இது ஊரெங்கும் பெருகவில்லை. பெருகாததாலேயே உதிரி பாகம் கிடைக்காமல் சீக்கிரம் மறைந்தது. எங்கள் வண்டி பிழைத்திருந்ததற்குக் காரணம் அப்பாவின் பிடிவாதமும் சித்தப்பாவின் கைகளும். சித்தப்பா கோவில்பட்டியில் ஒரு பஞ்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா 2011இல் காலமானார். அதன்பின் வண்டி ஆறு வருடம் மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் நின்றது.

கதவுகள்தான் முதலில் செய்தி சொல்லின. ஓட்டுநர் பக்கத்துப் பின்கதவு மூட மறுத்தது. தூக்கிப் பிடித்துத் தள்ளினால் மூடிக்கொள்ளும். பிறகு மேடுபள்ளத்தில் போகும்போது தானே திறந்துகொள்ளும். கீல் தேய்ந்துவிட்டது என்று நகரத்துப் பட்டறை ஒன்றில் கீலை மாற்றினார்கள். துருப்பிடித்திருந்த அடிச்சட்டத்தின்மேல் தகடு வைத்துப் பற்றவைத்துக் கறுப்புத் தாரும் பூசித் தந்தார்கள். ஒரே மழைக்காலத்தில் கதவு பழைய நிலைக்கு வந்தது.

கரிசல் மண்ணில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதன் காரணம் எளிதில் புரியும். இந்த மண் நீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் எங்கள் புஞ்சைகளில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்புகள் ஓடும். அதன்மேல் போட்ட சாலை சமமாக இருக்கச் சாத்தியமே இல்லை. கண்ணுக்குப் புலப்படாத அலைகளாக அது ஏறியும் இறங்கியும் கிடக்கும். முன்பக்க இடது சக்கரம் ஏறும்போது பின்பக்க வலது சக்கரமும் ஏறுகிறது. மற்ற இரண்டும் இறங்குகின்றன. ஈரத்துணியைப் பிழிவதுபோல அடிச்சட்டம் ஒவ்வொரு நூறு அடிக்கும் ஒருமுறை முறுக்கப்படுகிறது. ஹெரால்டின் சட்டம் பிறவியிலேயே சற்று நெகிழ்வானது. நடுவில் முன்னிருந்து பின்னாக இரண்டு பெட்டிக் கம்பிகள் ஓடும். அவற்றிலிருந்து விலா எலும்புகள்போலக் கிளைக்கைகள் வெளியே நீண்டு உடலைத் தாங்கும். அந்தக் கைகள் சேற்றையும் நீரையும் வாங்கி உள்ளிருந்தே அரித்துப் போகும். கை தளர்ந்தால் உடல் தொங்கும். உடல் தொங்கினால் கதவு மூடாது.

அண்ணன் சென்னையிலிருந்து வந்தபோது வண்டியை விற்றுவிடலாம் என்றான். பழைய கார் சேகரிக்கும் ஒருவர் நல்ல விலை பேசியிருந்தார். "அப்பா நினைவுன்னு சொல்லி ஒரு துருவை வீட்டுல வெச்சிருக்கோம். அவர்கிட்ட போனா ஒழுங்கா இருக்கும்" என்றான். அதில் நியாயம் இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, சித்தப்பா வந்திருந்தபோது, அவரிடம் மட்டும் கேட்டாள்: "தம்பி, அதுல ஒரு தடவ எங்க ஊருக்குப் போயிட்டு வரலாமா?" அம்மாவின் பிறந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். அந்த வண்டியில் முதல்முதலாக அவள் போனதும் அங்கேதான். இடுப்பு எலும்பு முறிந்து தேறிய பிறகு அவள் அதிகம் வெளியே போவதில்லை. டாக்ஸி வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவள் எனக்குப் பதில் சொல்லவில்லை.

சித்தப்பா உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். ஓரடிக்கு ஒரு தட்டு. நல்ல இரும்பு கணீரென்றது. பட்டறைக்காரர்கள் தகடு வைத்த இடம் பறை ஈரமானதுபோல் மொத்தென்றது. அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எய்யா, தகரத்துக்கு மேல தகரத்த ஒட்டியிருக்கான். அடியில இரும்பே இல்ல. மதினி கேட்டதுக்கு இப்ப பதில் கெடையாது. ஏறலாம்னு நான் சொல்ற வரைக்கும் இதுல யாரும் ஏறப்படாது."

அண்ணனிடமும் அவரே பேசினார். மூன்று மாதம் கொடு, முடியாவிட்டால் நானே விற்கச் சொல்கிறேன் என்றார். ஆக, பந்தயம் தெளிவாகிவிட்டது. வண்டி ஓடுமா என்பது யாருடைய கேள்வியும் அல்ல. எண்பதை நெருங்கும் ஒரு பெண்ணை அதில் உட்காரவைத்து, ஒன்றும் ஆகாது என்று மனசறிந்து சொல்ல முடியுமா என்பதே கேள்வி.

சித்தப்பா எனக்கு முதலில் ஒரு பாடம் நடத்தினார். தினசரித் தாளைச் சுருட்டிக் குழலாக்கி விளிம்பைப் பசையால் ஒட்டினார். இன்னொரு தாளை அப்படியே சுருட்டி ஒட்டாமல் விட்டார். இரண்டையும் முறுக்கிப் பார்க்கச் சொன்னார். ஒட்டியது திமிறியது. ஒட்டாதது எதிர்ப்பே இல்லாமல் வளைந்து கொடுத்தது. இதற்குக் கணக்கும் உண்டு. 40 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு குழாயை நீளவாக்கில் ஒரே ஒரு கோடாகப் பிளந்துவிட்டால், முறுக்கை எதிர்க்கும் அதன் விறைப்பு ஏறக்குறைய 270இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இரும்பின் எடை ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. பார்வைக்கு அதே குழாய்தான். பெட்டிக் கம்பியின் மூட்டுக்கோட்டில் துரு ஓடினால் நிகழ்வது இதுவே. மேலிருந்து பார்த்தால் முழுக் கம்பி. உண்மையில் அது ஒட்டாத காகிதச் சுருள்.

இரண்டாவது பாடம் முக்கோணம். நான்கு கம்பிகளை மூலையில் பூட்டிய சதுரம் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு கம்பி கொடுத்தால் சாயாது. கூரையில் தச்சர்கள் பயன்படுத்தும் அதே அறிவு. நடுக்கம்பியின் பின்புறத்திலிருந்து கிளைக்கையின் நுனிக்குச் சாய்வாக ஒரு குழாய், இரு பக்கமும்; கியர் பெட்டிக்குப் பின்னால் இரண்டு நடுக்கம்பிகளையும் இணைக்கும் ஒரு குறுக்குச்சட்டம். இவ்வளவுதான் அவர் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் வரைந்த முட்டு.

இன்னும் நிறையக் குழாய் வைத்தால் இன்னும் பலமாக இருக்காதா என்று கேட்டேன். அவர் மாட்டுவண்டியைக் காட்டினார். வண்டியின் பார்ச்சட்டத்தை ஆசாரிகள் இரும்பாணி அடித்து இறுக்கிவிடுவதில்லை. துளையிட்டு நுழைத்து முளையடித்து விடுகிறார்கள். வாய்க்கால் வரப்பில் ஏறும்போது வண்டி முனகும். அந்த முனகல்தான் அதன் ஆயுள். ஓரிடத்தை அளவுக்கு மீறி விறைப்பாக்கினால், அங்கே கரைந்துபோயிருக்க வேண்டிய அதிர்ச்சி அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். "முட்டு வெச்ச எடம் ஒடியாது. முட்டு முடியிற எடம் ஒடியும்" என்றார். நான் படித்த எந்தப் பொறியியல் கட்டுரையும் இதைவிடச் சுருக்கமாக இதைச் சொன்னதில்லை.

வேலை அளவெடுப்பதில் தொடங்கியது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சட்டத்தைப் பல இடங்களில் கட்டைகளால் தாங்கி, கொத்தனாரின் தூக்குக்குண்டைச் சட்டத்தின் குறிப்பிட்ட துளைகளிலிருந்து தொங்கவிட்டோம். நுனி தொட்ட இடங்களைத் தரையில் குறித்துக்கொண்டு மூலைக்கு மூலை நூல் பிடித்தோம். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் சட்டம் நேர். எங்களுடையதில் ஒன்பது மில்லிமீட்டர் வித்தியாசம். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, ஜாக்கியை மயிரிழை மயிரிழையாக ஏற்றி அதை மூன்றுக்குக் கொண்டுவந்தார். கதவுகளைக் கழற்றவில்லை. கதவு இடுக்கில் பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயத்தை நுழைத்து நுழைத்துப் பார்த்தார். மேலும் கீழும் நாணயம் ஒரேமாதிரி நுழையும் நிலையே சரியான நிலை.

பற்றவைப்பதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றினோம். டிக்கியிலிருந்த பெட்ரோல் தொட்டியை வெளியே எடுத்துத் தோட்டத்துக் கோடியில் வைத்தோம். பட்டறை ஒட்டிய தகடுகளை அரைத்து நீக்கியபோது சட்டத்தில் மூன்று இடங்களில் விரல் நுழைந்தது. அரித்த கைகளை ஒவ்வொன்றாகத்தான் வெட்டினார். ஒன்றை வெட்டிப் புதியதைப் பொருத்தி அளவு சரிபார்த்த பிறகே அடுத்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டினால் மிச்சச் சட்டம் தன் இஷ்டத்துக்கு நகர்ந்துவிடும். கிளைக்கைகளுக்கு 2 மில்லிமீட்டர் தகட்டைக் கோவில்பட்டியில் மடித்து வாங்கிவந்தோம். நடுக்கம்பியில் ஓரிடத்தில் விரிசல் இருந்தது. அதைப் பற்றவைப்பதற்கு முன் விரிசலின் நுனியில் ஒரு சிறு துளை போட்டார். கூர்முனையில்தான் விரிசல் வளரும், வட்டத்தில் அது தூங்கிவிடும் என்றார்.

முட்டுக்கு 40க்கு 40 சதுரக்குழாய், 3 மில்லிமீட்டர் கனம், ஏறக்குறைய ஐந்து மீட்டர். மீட்டருக்கு மூன்றரைக் கிலோ என்று வைத்தால் பதினேழு கிலோ சொச்சம். காரில் ஒரு சிறுவன் கூடுதலாக ஏறிய பாரம். சித்தப்பா இதைச் சட்டத்தோடு பற்றவைக்க மறுத்துவிட்டார். ஐம்பது வருடத்துப் பழைய மெல்லிய இரும்பில் கனத்த குழாயைப் பற்றவைத்தால் சூடுபட்ட விளிம்பிலேயே பின்னால் கீறும் என்பது அவர் வாதம். ஆகவே போல்ட். அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. உள்ளே வெற்றிடமான பெட்டிக்கம்பியில் போல்ட் போட்டு இறுக்கினால் பெட்டி நசுங்கும்; நசுங்கிய பிறகு போல்ட் தளரும். அதற்காகக் கம்பிக்குள் சரியான நீளத்தில் குழாய்த்துண்டு வைத்து, அதன் வழியே போல்ட்டை நுழைத்து, இருபுறமும் 5 மில்லிமீட்டர் தகடு கொடுத்து இறுக்கினார். 8.8 என்று தலையில் எண் பொறித்த 10 மில்லிமீட்டர் போல்ட்டுகள். ஒவ்வொரு குழாயின் தாழ்ந்த முனையிலும் நீர் வடிய ஒரு துளை. "உள்ள வந்த தண்ணி வெளிய போக வழி வெய்யி. இல்லன்னா நாம செஞ்சதையும் அதுவே தின்னுரும்" என்றார்.

பிறகு சோதனை. அம்மா, அண்ணன் குடும்பம் இவர்களின் எடைக்கு ஈடாக மக்காச்சோள மூட்டைகளை ஏற்றி, ஊருக்கும் கோவில்பட்டிக்கும் இடையே பத்து நாள் ஓட்டினேன். ஒவ்வொரு நாள் மாலையும் பற்றவைத்த இடங்களில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சுண்ணாம்புப் பொடி பூசிக் காத்திருப்போம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்த மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் ஒரு கோடு காட்டும். நான்காம் நாள் ஒரு கோடு தெரிந்தது. அந்த இடத்தை அரைத்து மறுபடி செய்தார். அதன்பின் தெரியவில்லை. பத்தாம் நாள் சித்தப்பா வீட்டுக்குள் போய், "மதினி, போகலாம்" என்றார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ஹெரால்டின் பின்சக்கரங்கள் வேறுபாட்டுப் பெட்டியின் பக்கத்திலிருந்து இறக்கைபோல் மேலும் கீழும் ஆடும் அமைப்பு. வேகமாகத் திருப்பத்தில் போய் திடீரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் உள்ளே மடியப் பார்க்கும். எந்த முட்டும் அதைத் திருத்தாது. அதைத் திருத்துவது ஓட்டுபவனின் கால்தான். 50 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை என்பதையும் சித்தப்பா தன் சம்மதத்தோடு சேர்த்தே சொன்னார்.

அம்மாவை முன் இருக்கையில் தலையணை வைத்து உட்காரவைத்தோம். கழுகுமலை தாண்டும்வரை அவள் பேசவில்லை. பிறகு, "கதவு சத்தமே போடலையே" என்றாள். அப்பா காலத்திலும் அது சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தது. பிறந்த வீட்டில் அவளுடைய தம்பி மட்டுமே மிச்சம். இருவரும் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்ததும் அண்ணனுக்குத் தொலைபேசியில் அவளே சொன்னாள்: "இனி விக்கிறதுன்னா வித்துக்கோப்பா." அண்ணன் விற்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

பதிவைப் புதுப்பிக்கும் சமயத்தில் எங்கள் ஊரின் முட்டும் நினைவுக்கு வந்தது. சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த இளையரசனேந்தல் குறுவட்டத்தை 2008இல் வருவாய் நிர்வாகத்துக்காகக் கோவில்பட்டி வட்டத்தோடு, அதாவது தூத்துக்குடி மாவட்டத்தோடு சேர்த்தார்கள். ஊராட்சிகளோ குருவிகுளம் ஒன்றியத்திலேயே நின்றன. 2019இல் தென்காசி மாவட்டம் பிறந்தபோது அந்த ஒன்றியம் அதனோடு போயிற்று. பட்டா ஒரு மாவட்டத்தில், தெருவிளக்கு இன்னொரு மாவட்டத்தில். எதிரெதிர் மூலைகளில் தூக்கப்பட்ட சட்டம்போல ஊரும் முறுக்கிக்கொண்டு நின்றது. ஒரு சான்றிதழுக்கு இரண்டு திசைகளில் பேருந்து ஏறியவர்களுக்கு இந்த உவமை மிகையாகப் படாது.

அதே 2019 ஜனவரியில், தயாரிப்பாளர் தந்த மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. எங்கள் முட்டு எஞ்சினையோ இருக்கையையோ பதிவுச் சான்றிதழில் கண்ட எதையுமோ மாற்றவில்லை. கழற்றினால் வண்டி பழைய வண்டிதான். ஆய்வாளர் குனிந்து பார்த்தார். போல்ட்டுகளை விரலால் தொட்டார். யார் செய்தது என்று மட்டும் கேட்டார்.

2021இல் அம்மா போய்விட்டாள். சித்தப்பா சொன்னதுபோலவே, முட்டு வைத்த இடம் இன்றுவரை அசையவில்லை. மூன்றாம் வருடம் முட்டுக்கு முன்னால், பழைய சட்டத்தில், ஒரு புதிய கீறல் தெரிந்தது. அதன் நுனியிலும் துளை போட்டு அடைத்தோம். குடும்பங்களிலும் இப்படித்தான் நடக்கிறது. அப்பா இல்லாத பாரம் அம்மாவுக்குப் போயிற்று, அம்மா இல்லாத பாரம் இப்போது வேறெங்கோ இறங்கியிருக்கிறது. எங்கே என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் மிச்சமிருப்பவர்களின் வேலை.

ஒவ்வொரு வருடமும் தை பிறந்ததும், மழைக்காலத்து ஈரம் காய்ந்த பிறகு, வண்டியின் அடியைப் பரிசோதிக்கிறோம். சித்தப்பாவால் இப்போது குனிய முடியாது, பார்வையும் மங்கிவிட்டது. கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். நான் அடியில் படுத்து ஓரடிக்கு ஒரு தட்டு தட்டுகிறேன். ஒவ்வொரு ஓசைக்கும் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ம், அடுத்தது" என்கிறார்.